மலையாற்றில் அயல்மீன்: டிரவுட் இலங்கைக்கு வந்த வரலாறு

ஆட்சியாளர் ஒரு நாட்டிற் புகும்போது படைக்கலமும் சட்டப் புத்தகமும் மாத்திரம் அவரோடு வருவதில்லை. அவர்தம் ஊர்ப்பெயர் வரும்; உணவு வரும்; ஓய்வுநேர விளையாட்டு வரும்; அவ்விளையாட்டுக்கு வேண்டிய விலங்கும் பறவையும் மீனும் வரும். கோட்டையையும் போரையும் வரியையும் விரித்தெழுதும் வரலாற்று நூல்கள் இவ்வுயிர்களின் வருகையைப் பெரும்பாலும் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. ஆயினும் கோட்டை இடிந்த பின்னும், வரி ஒழிந்த பின்னும், கொண்டுவந்தவரே கப்பலேறிச் சென்ற பின்னும் இவ்வுயிர்களுட் சில இந்நாட்டில் இனம்பெருக்கி நிற்கக் காண்கின்றோம். அவற்றுள் ஒன்றாகிய டிரவுட் என்னும் ஆற்றுமீன் எங்கள் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவுப்பகுதியார்க்கு இவ்வாராய்ச்சியில் என்ன தொடர்பு என வினவுவோர் உளராகலாம். கடல்மீனையன்றி ஆற்றுமீனை நாம் அறியோம். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் யாழ்ப்பாணத்தில் ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேற்றுநாட்டார் தம் நாட்டைப் பெயர்த்து வந்து நடுவது எவ்வாறு என்பதை எம்மைவிட நன்கறிந்தார் யார்? ஒல்லாந்தர் எம் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம் எனப் பெயர் பெற்றன. நாகபூசணி அம்மனின் தீவுக்கு ஹார்லெம் என்று பெயர் வைத்தவர் அப்பெயர் நிலைக்கும் என்று எவ்வாறு நம்பினரோ அறியோம். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயரே ஆங்கில வழக்கில் நன்கு வேரூன்றியது. ஏனையவற்றைப் பெரும்பாலும் பழைய தேசப்படங்களிலேயே காணலாம்.

அந்த நெடுந்தீவிலே பெயரோடு குதிரையும் நிலைத்தது. போர்த்துக்கேயரே அதனை முதலிற் கொணர்ந்தனர் என்பாரும், ஒல்லாந்தரே கொணர்ந்தனர் என்பாரும் உளர். ஒல்லாந்தர் ஆங்கு முறையாகக் குதிரை வளர்த்தனர் என்பதிலும், ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் படையலுவலரை அமர்த்தி அத்தொழிலைத் தொடர்ந்தனர் என்பதிலும் ஐயமில்லை. பின்னர் அத்தொழில் கைவிடப்பட்டது. லாயத்தின் கற்றூண்கள் நின்றன. குதிரைகள் காட்டுக் குதிரைகளாயின.

இக்குதிரைக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க ஓர் உயிரே, இலங்கையின் நடுவே ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட குளிர்நிலத்தில் வாழும் டிரவுட். ஐரோப்பாவின் குளிர்ந்த ஆறுகளுக்கு உரிய பழுப்பு டிரவுட் ஒரு வகை. வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு உரிய வானவில் டிரவுட் மற்றொரு வகை. முன்னதன் உடலிற் செம்புள்ளியும் கரும்புள்ளியும் உண்டு. பின்னதன் விலாவில் இளஞ்சிவப்பான ஒரு பட்டை நீளத்திற்கும் ஓடும். இரண்டுக்கும் வேண்டுவன தெளிந்த குளிர்நீரும், முட்டையிடுதற்குக் கூழாங்கற் படுகையுமே.

இம்மீனை ஆங்கிலேயர் ஏன் இத்துணை விரும்பினர் என்பதை அறிய அவர்தம் தூண்டின் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி ஒரு கல்லின் மறைவில் நிற்கும். நீர் சுமந்துவரும் பூச்சிகளை மேலெழுந்து கௌவும். ஆகவே தூண்டிற்காரன் சிறு முள்ளொன்றிற் பறவை இறகையும் பட்டுநூலையும் விலங்கின் உரோமத்தையும் சுற்றி ஈயைப்போல் ஒரு பொய்ப்பூச்சி சமைக்கின்றான். அதற்கு நிறை என்பது இல்லை. எங்கள் கடலில் ஈயக்குண்டு கட்டி எறிவது போல் அதனை எறிதல் இயலாது. ஆதலால் கயிற்றையே கனமுடையதாக்கி, வளையுங் கோலினால் அதனை முன்னும் பின்னும் வீசுவர். எறியப்படுவது கயிறே, பூச்சி அதன் பின்னே சென்று ஓசையின்றி நீரில் அமரும். ஊர்காவற்றுறைப் பக்கத்திற் களங்கட்டி வைப்போர் நீரின் வற்றுப்பெருக்கை அறிந்து வேலி நாட்டுவர். மீன் தன் வழியே வந்து அடைபடும். அங்கே நோக்கம் கறியும் கூலியும். இங்கேயோ ஒரு மீனுக்கு ஒரு நாள் செலவாயினும் கவலையில்லை; பிடித்த மீனை மீண்டும் நீரில் விடுவாரும் உண்டு. வயிற்றுக்காக மீன்பிடிப்போருக்கு இது விளங்காத செயலே.

இம்முறை பழமையானது. கி.பி. 200 அளவில் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோம ஆசிரியர், மாசிடோனிய நாட்டு ஆற்றங்கரை மக்கள் செந்நிறக் கம்பளிநூலையும் சேவலின் இறகையும் முள்ளிற் கட்டி மீன்பிடித்ததை எழுதியுள்ளார். ஆங்கில நாட்டில் ஐசாக் வோல்ற்றன் 1653இல் வெளியிட்ட தூண்டில் நூல் இன்றளவும் பதிக்கப்படுகின்றது. எங்கள் இலக்கியமும் இதற்குச் சளைத்ததன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார், பாணர் மூங்கிற்கோலில் நாண் பூட்டி இரைவைத்துத் தூண்டிலிடுதலைக் கூறுகின்றார். இரையைப் பறித்துக்கொண்டு முள்ளுக்குத் தப்பிய வாளைமீன், கரையிலுள்ள பிரம்பின் நிழல் நீரில் அசைவது கண்டும் அஞ்சுமாம். தூண்டிற்கோல் என்று அதற்குத் தோன்றுகின்றது. ஒருமுறை குத்துப்பட்ட மீன் நிழலுக்கும் அஞ்சும் என்பது டிரவுட் பிடிப்போர் முதலிற் படிக்கும் பாடம். தம் நிழல் நீரில் விழாதவாறே அவர் நிற்பர். அப்பாடத்தை அப்புலவர் வோல்ற்றனுக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குக் குறையாது முன்பே கண்டு பாடிவிட்டார்.

இறகு என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகின்றது. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுச்சேவலின் கழுத்திறகுகளின் நுனியில் மெழுகு பூசினாற்போன்ற மஞ்சள் வெண்புள்ளிகள் உண்டு. பொய்ப்பூச்சிக்கு அவற்றைவிடச் சிறந்த இறகு இல்லையென ஆங்கிலேயர் கண்டனர். ஆதலின் அச்சேவலின் தோல்கள் திரள்திரளாகக் கப்பலேறின. இந்தியா அவ்வேற்றுமதியை 1960களின் இறுதியில் தடைசெய்தது. முருகன் கொடியிற் கூவும் பறவையின் இனத்தான் ஒருவன் ஸ்கொத்லாந்து ஆறுகளிற் பொய்ப்பூச்சியாகி மிதந்தான். அவ்வாறுகளின் மீன் எதிர்வழியே கீழ்த்திசைக்கு வந்தது. பேரரசு என்பது இத்தகைய இருவழி வாணிகமே.

இனி, வரும்வழியை நோக்குவோம். இம்மீனைக் கொண்டுவருதலில் முதற் றடை காலமாகும். பழுப்பு டிரவுட் இலையுதிர்காலத்தின் பிற்பகுதியிற் பகல் குறுகி நீர் குளிரும்போது முட்டையிடும். பெண்மீன் வாலால் அடித்துக் கூழாங்கற்களிடையே குழி பறித்து முட்டைகளை அதனுள் விட்டு மூடும். அக்காலத்தில் அதனைப் பிடிக்கலாகாது என்பது ஆங்கு சட்டம். மாதக் கணக்கில் அஃது எங்கள் கூதிர்ப்பொழுது, அஃதாவது ஐப்பசி கார்த்திகை. மாதம் ஒன்றே, தன்மை வேறு. இங்கே இலை உதிர்வதில்லை. வாடைக்காற்றோடு மழை வருகின்றது. இலண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மணித்தியால வேறுபாடு உண்டு. நுவரெலியாவில் ஒரு மணித்தியாலமும் இல்லை. உடம்பினுள்ளே ஒரு நாட்காட்டியை வைத்துக்கொண்டு வாழும் மீனை, அந்நாட்காட்டி செல்லாத நாட்டுக்கு அழைத்து வந்தனர்.

மற்றைத் தடை கடல். உயிர்மீன் வெப்பக் கடலைத் தாண்டாது. முட்டையை அனுப்பலாம் எனினும் வெப்பத்தில் அது வழியிலேயே பொரித்து மடியும். பல தோல்விகளின் பின் ஜேம்ஸ் யூல் என்பார், ஈரப்பாசியில் முட்டைகளைப் பொதிந்து சிறு மரப்பெட்டிகளில் வைத்து அவற்றைப் பனிக்கட்டி அறையில் அடைத்து, 1864 சனவரியில் நோர்போக் என்னும் கப்பலில் இங்கிலாந்திலிருந்து ஒஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். ஒரு நூறாயிரம் சமன்மீன் முட்டைகளோடு சில ஆயிரம் டிரவுட் முட்டைகளும் அதிற் சென்றன. ஏறக்குறைய மூன்று மாதம் கடலிற் கழித்து, தஸ்மேனியாவின் ஓர் ஓடைக்கரையில் அவ்வாண்டு மே மாதம் டிரவுட் குஞ்சுகள் பொரித்தன. பெரிதும் எதிர்பார்த்த சமன்மீன் கடலுக்குச் சென்று திரும்பவில்லை. உடன்வந்த டிரவுட்டே நிலைத்தது. குளிரினால் உயிரின் வளர்ச்சியை நிறுத்தாமற் றாமதப்படுத்தலாம் என்னும் அவ்வறிவே பின்னர் இம்மீனை உலகெங்கும் கொண்டுசென்றது.

இலங்கையில் அதற்கென ஒரு சிற்றிங்கிலாந்து முன்னரே ஆயத்தமாய் இருந்தது. தேசாதிபதி எட்வேர்ட் பாண்ஸ் நுவரெலியாவை நோயாளர் தேறும் குளிர்வாசமாக ஆக்கினார். 1848இல் சாமுவேல் பேக்கர் ஆங்கு ஓர் ஆங்கிலக் கிராமம் அமைக்க எண்ணி மாடும் ஆடும் வேட்டைநாயும் பயிர்த்தொழில் அறிந்தாரும் உடன்வரக் குடியேறினார். தேசாதிபதி கிறெகறி 1870களில் ஏரியொன்றை அமைத்தார். நீர் இருந்தது, குளிர் இருந்தது, குதிரைப் பந்தயமும் இருந்தது. ஆங்கில மீன் ஒன்றே குறை. 1882இற் பிரித்தானியாவிலிருந்து பழுப்பு டிரவுட் வந்து அக்குறையும் தீர்ந்தது.

அவ்வாண்டை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். 1869இற் காணப்பட்ட இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிந்து, துரைமார் பலர் கடனில் மூழ்கிய காலம் அது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் நட்ட தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்து வந்தது. தோட்டம் வீழ்ந்துகொண்டிருந்தபோதே ஓடைக்கு மீன் தருவித்தனர் என்பதனால், இதனை வெறுஞ் செல்வச் செருக்கென்று தள்ளுதல் பொருந்தாது. அயல்நாட்டில் ஆண்டுக்கணக்காக வாழ நேர்ந்தார்க்குத் தம் ஊர் ஆற்றங்கரை ஒன்று வேண்டியிருந்தது. அவ்வேக்கம் மலாயாவிற் பணிபுரிந்த எம் யாழ்ப்பாணத்தார்க்கும் விளங்காததன்று. கறிமுருங்கையையும் கருவேப்பிலையையும் கொண்டுபோய் நடுதல் வேறு, ஆறு முழுவதையும் தமக்கென அடைத்துக்கொள்ளல் வேறு என்பது மட்டும் மறக்கற்பாலதன்று.

1885இற் புகையிரதம் நானுஓயாவை அடைந்தது. மீன்பிடிச் சங்கம் ஏற்பட்டது; பொரிப்பகம் ஏற்பட்டது; குஞ்சுகளை ஓடைகளில் விடுதலும், அனுமதிச்சீட்டு வழங்கலும் தொடர்ந்தன. பழுப்பு டிரவுட் இங்கே மனிதர் கைத்துணையாலேயே வாழ்ந்தது. சிறிது வெப்பத்தையும் பொறுக்கும் வானவில் டிரவுட் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் வந்து, ஹோட்டன் சமவெளியின் ஏழாயிரம் அடி உயரத்து ஓடைகளிலே தானே முட்டையிட்டுப் பெருகியது. ஆங்கிலேயர் தம் ஆற்றின் மீனையே விரும்பினர். நிலைத்ததோ கலிபோணியா நாட்டுப் பக்கத்து மீன்.

நீலகிரியின் வரலாறு இதனினும் சுவையுடையது. மீன்களின் நூலை எழுதிய பிரான்சிஸ் டே 1863இலும் 1866இலும் ஆங்கு டிரவுட்டைக் கொண்டுசெல்ல முயன்று தோற்றார். ஆயினும் 1879இலேயே நீலகிரி வேட்டைவிலங்கு மீன் பாதுகாப்புச் சட்டம் சென்னை அரசினால் இயற்றப்பட்டது. டிரவுட் நிலைபெறுதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு முன்பே மீனுக்குச் சட்டம் வந்துவிட்டது! எச். சி. வில்சன் என்னும் அலுவலர் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் இறுதியில் அவலாஞ்சியிற் பொரிப்பகம் அமைத்து, வானவில் டிரவுட்டைப் பெருக்கினார். அதற்கான முட்டைகள் நியூசிலாந்திலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் மாத்திரமன்றி இலங்கையிலிருந்தும் சென்றன. தமிழகத்திலிருந்து மக்கள் இலங்கை மலைக்கு வந்தனர். இலங்கை மலையிலிருந்து மீன் தமிழக மலைக்குச் சென்றது.

அம்மக்களைப் பற்றிக் கூறாது இவ்வரலாற்றை முடித்தல் முறையன்று. கோப்பிக் காலத்திலே தோட்டத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தார் பலர். மீன்முட்டைக்கு ஈரப்பாசியும் பனிக்கட்டியும் கிடைத்த காலத்தில், மனிதர்க்கு வழிநெடுகக் குடிநீர் கிடைத்திலது. இவ்வொப்புமை கொடியதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டும் ஒரே அரசின் கீழ், ஒரே துரைமாரின் பொருட்டு நிகழ்ந்தவை. ஓடை தோட்டத்தினூடே ஓடிற்று. லயத்திற் குடியிருந்தவர் அதில் நீர் மொண்டனர், துணி துவைத்தனர். டிரவுட் நீந்திய பகுதிகளிலோ சீட்டில்லாது தூண்டிலிடுதல் குற்றமாயிற்று. பாணர் எவ்வாற்றங்கரையிலும் மூங்கிற்கோலுடன் நின்ற நிலை மாறி, ஆறே ஒருவர் வீட்டுத் தோட்டம் போலாயிற்று. பின்னர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அவருட் பலருடைய பாட்டனார் டிரவுட்டுக்கு முன்னரே இம்மலைக்கு வந்தவர். மீன் குடியேறியதாக எண்ணப்பட்ட பின்னரும் அவர்தம் வழித்தோன்றல்கள் நெடுங்காலம் காத்திருந்தனர். எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது. இலங்கை அரசு 1952 அளவில் ஆபிரிக்கத் திலாப்பியாவைக் குளங்களில் விட்டபோது சீட்டும் சங்கமும் வேண்டப்படவில்லை. அதுவும் அயல்மீனே, ஆயினும் வன்னி ஏழைகளின் சட்டியை அடைந்தது.

இம்மீனால் ஓடைக்கு விளைந்தது யாது? மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்றின் தலைநீரும் ஹோட்டன் சமவெளியிற் பிறக்கின்றது. செங்குத்தான அருவிகள் தடுத்தமையாற் கீழாற்று மீன்கள் அவ்வுயரத்தை அடைதல் அரிது. பெரிய பகைமீன் இல்லாத அந்நீரிற் சிறு இறாலும் நண்டும் தவளைக்குஞ்சும் பூச்சிகளும் வாழ்ந்துவந்தன. அவ்விறால்களுள் ஓரினம் அச்சமவெளி ஓடைகளையன்றி உலகின் வேறெவ்விடத்தும் வாழ்வதாக அறியப்படவில்லை. அந்நீரில் டிரவுட்டை விட்டவர் ஓடை வெறுமையாக இருக்கின்றது என்றே எண்ணியிருத்தல் வேண்டும். தூண்டிலில் அகப்படாததை இல்லையென்று கொள்ளும் வழக்கம் அது. அருவிகளுள் ஒன்று பேக்கரின் பெயர் தாங்கி நிற்க, அவ்விறாலைப் பற்றி விலங்குநூலார் அன்றி மற்றையோர் பேசுவதில்லை. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. இன்று அங்கே டிரவுட் விருந்தாளியாக அன்றி, இயற்கை உயிர்களுக்கு ஊறு விளைக்கும் அயல்மீனாகவே கணிக்கப்படுகின்றது.

இங்கேதான் நெடுந்தீவுக் குதிரை மீண்டும் எம்முன் வந்து நிற்கின்றது. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அக்குதிரைகளைக் காத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. இரண்டும் கப்பலில் வந்தவை. இரண்டும் ஆட்சியாளரின் தேவைக்காக வந்து அவர் சென்றபின் காட்டுயிராயினவை. ஒன்றுக்கு மரபுரிமை என்றும், மற்றொன்றுக்கு ஊறு என்றும் தீர்ப்பு வழங்குதல் நடுநிலை ஆகுமா? கொண்டுவந்தவர் யார் என்பதை மட்டும் நோக்கினால் ஆகாது. அளவுகோல் வேறாயின் ஆகலாம் என்பது எம் கருத்து. வந்த உயிர் யாருடைய இடத்தைப் பறித்தது என்பதே வினா. குதிரை புல்வெளியில் மாடுகளோடு பங்கிட்டு வாழ்கின்றது. அதன் துன்பம் கோடையில் நீரின்மை. டிரவுட்டோ வேறெங்கும் இல்லாத உயிரை அதன் ஒரே வீட்டிற் சென்று உண்கின்றது. ஆகவே ஹோட்டன் சமவெளி ஓடைகளிற் புதிதாக ஒரு குஞ்சையும் விடாதிருத்தலும், உள்ளவற்றை இறால் வாழும் நீரிலிருந்து மெல்லக் குறைத்தலும் தக்கன. நெடுந்தீவிற் செய்யவேண்டுவது ஆடி ஆவணியில் வற்றும் துரவுகளைத் தூர்வாரி, மாட்டுக்கும் குதிரைக்கும் நீர் கிடைக்கச் செய்தல்.